அறுபது மில்லி ஆம்பியர்

ஜனவரி 6, திங்கள்

முதலாளி குலசேகரன் சார் புது டைரி கொடுத்தார். "இதுலயும் மளிகை லிஸ்ட் எழுதாதீங்க தமயந்தி" என்று சிரித்தார். அவருக்கு இன்று நல்ல மனநிலை. பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது. ஒரு நகராட்சியில் பாதாள சாக்கடை பராமரிப்பைக் காண்ட்ராக்ட் எடுத்தவர்கள் நூற்றிருபது மீட்டர் கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி பத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களைப் போல எத்தனையோ சிறிய கம்பெனிகள். எங்கள் கம்பெனியில் மொத்தம் பத்தொன்பது பேர். விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கையடக்க மீட்டர் செய்கிறோம். பர்சேஸ், ஸ்டோர் இரண்டும் நான். குவாலிட்டி என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

எல்லாப் பொருளும் கையிருப்பில் இருக்கிறது, டிஸ்ப்ளே தவிர. தீப்பெட்டி அளவுக்கு ஒரு எல்சிடி. வடிவமைப்பைப் பார்க்கும் பெனாசிர் என் மேசைக்கு வந்து சொன்னாள்: "அக்கா, நம்ம மீட்டர் ரெண்டு பென்சில் பேட்டரில ஓடுது. ஸ்கிரீன் லைட்டு பதினைஞ்சு மில்லி ஆம்பியருக்கு மேல எடுக்கக் கூடாது. அதை மட்டும் பாத்து வாங்குங்க."

குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலையிலிருந்து அலைந்தேன். ஒரு கடையில் நாற்பது, இன்னொரு கடையில் ஆறு, அதுவும் ஐந்து வோல்ட் கேட்கிற வகை. நமக்கு மூன்று வோல்ட்டில் ஓட வேண்டும். வழக்கமாக வாங்கும் சீனாவின் ஷென்ஜென் கம்பெனிக்கே எழுதிவிட்டேன். கப்பலில் ஐந்து வாரம். விமானத்தில் மூன்று நாள். உள்ளே பேட்டரி இல்லாத சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்றுவதில் தடை ஒன்றும் இல்லை.

செருப்பு அறுந்துவிட்டது. அங்கேயே தைத்துக்கொண்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஷென்ஜென்னிலிருந்து லின் பதில் எழுதியிருக்கிறாள். அவர்களுக்குப் புத்தாண்டு வருகிறது. இருபதாம் தேதி மூடினால் மூன்று வாரம் கழித்துத்தான் திறப்பார்கள். பதினெட்டுக்குள் சரக்கு கிளம்பியாக வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. லின்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

நம் மாடல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்களாம். அதே அளவு, அதே இணைப்பில் புது மாடல் இருக்கிறதாம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்குமாம். மெயிலோடு பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு தொழில்நுட்பத் தாள். பன்னிரண்டு மணிக்குள் சரி என்று சொன்னால் இன்றே விமானத்தில் ஏற்றுவார்களாம். இல்லாவிட்டால் பிப்ரவரி நடுவில்தான்.

பெனாசிர் வாணியம்பாடியில் இருக்கிறாள், அண்ணன் நிக்காஹ். கல்யாண வீட்டில் போன் செய்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சார் மாடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பதுக்குச் சரி என்று எழுதினேன்.

இறங்கி வந்த சார் கேட்டார். "ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு சார்."

"நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 23, வியாழன்

மூன்று நாளாகச் சரக்கு மீனம்பாக்கம் சுங்கத்தில் நிற்கிறது. பில்லில் பழைய மாடல் எண், பெட்டியின் மேல் புது எண். விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றே' என்று எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு தாள்தான். மாலை நான்கு மணிக்கு விடுவித்தார்கள்.

ஜனவரி 27, திங்கள்

பெனாசிர் முதல் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்னக்கா இது, டியூப் லைட்டு மாதிரி எரியுது?"

"புது லாட்டும்மா. அதே ஐட்டம்தான்."

"டேட்டா ஷீட் ஏதாவது வந்துச்சா?"

"வந்தா அனுப்பறேன்."

புது பேட்டரி போட்டுப் பத்து மீட்டரைச் சோதித்தாள். பத்தும் சரியாக இருந்தன. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இன்னும் நூற்றுப்பத்து.

பிப்ரவரி 10, திங்கள்

நூற்றிருபதும் போய்விட்டன. சார் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். நல்ல வெயில். வீட்டில் வடகம் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காண்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து புகார். பேட்டரி மூன்று நாளில் தீர்ந்துபோகிறதாம். முன்பு வாங்கிய மீட்டரில் இரண்டு வாரம் வந்ததாம். "மட்டமான பேட்டரி போட்டிருப்பானுங்க, அப்படியே எழுதிடுங்க" என்றார் சார். எழுதினேன். பெனாசிருக்கு அந்த மெயிலை அனுப்பவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மார்ச் 26, புதன்

நேற்று அந்த நகராட்சியில் பாதாள சாக்கடையில் இறங்கிய ஒருவர் மூச்சு முட்டி இறந்துவிட்டார். தேசப்பன், வயது நாற்பத்து நான்கு. ஆள் இறங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. இறக்குகிறார்கள்.

சார் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நம்ம மீட்டர் அவர் கழுத்துல தொங்கிட்டு இருந்துச்சாம். ஆனா ஆன் பண்ணவே இல்லன்னு காண்ட்ராக்டர் சொல்றான். குடிச்சிருந்தார்ன்னும் சொல்றான்."

"கடவுளே" என்றேன். அப்படி இருந்தால் நமக்குச் சம்பந்தம் இல்லை என்றும் தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

கோட்டாட்சியர் விசாரணைக்காக அந்த மீட்டர் சோதனைக்கு எங்களிடமே வந்திருக்கிறது. செய்தவர்களிடமே கேட்கிறார்கள், தப்பு இருக்கிறதா என்று. ஒரு பாலித்தீன் பையில் இருந்தது. கழுவியிருந்தார்கள். கழுத்துக் கயிறு மட்டும் கறுப்பாக இருந்தது.

பெனாசிர் முதலில் புது பேட்டரி போட்டாள். சோதனைக் குழாயிலிருந்து கொஞ்சம் வாயுவைக் காட்டினாள். விடாமல் அலறியது, திரை சிவந்தது, எண் ஏறியது. எல்லாம் சரி. சார் "பாத்தீங்களா" என்றார்.

பிறகு மீட்டருக்குள் இருந்த பழைய பேட்டரிகளையே திரும்பப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயுவைக் காட்டியதும் எண் ஏறியது. கீச் என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். திரை கறுத்தது, மறுபடி எரிந்தது. 0 என்று காட்டியது. இருபது எண்ணும்வரை 0 என்றே நின்றது. அப்புறம் எண் ஏறியது. கீச். கறுப்பு. 0.

ஒன்பது முறை பார்த்தோம்.

பெனாசிர் சொன்னாள். "சவுண்டும் லைட்டும் ஒண்ணா வரும்போது பேட்டரி தாங்கல. அணைஞ்சு ஆன் ஆகுது. ஆன் ஆனதும் சென்சார் சூடாகற வரைக்கும் ஜீரோ காட்டும். விஷத்துக்குள்ள வெச்சா ஜீரோன்னு காட்டுது சார்."

"புது பேட்டரில சரியா இருக்குல்ல?" என்றார் சார்.

அவள் திரைக்குப் போகும் கம்பியில் மல்டிமீட்டரை வைத்து மில்லி ஆம்பியர் அளந்தாள். அறுபது. இன்னொரு முறை அளந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது மாடல் மாறியிருக்கு. உங்களுக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே" என்றேன்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பெனாசிர் விடுமுறை. தன் அண்ணனிடம் எனக்குத் தனியாக ஒரு டப்பா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

அறிக்கையை சாரே எழுதிவிட்டார். 'புதிய பேட்டரியுடன் சோதிக்கப்பட்டது. குறைபாடு இல்லை.' இரண்டு கையெழுத்து வேண்டும், வடிவமைப்பு ஒன்று, குவாலிட்டி ஒன்று.

பெனாசிர் போட மாட்டேன் என்றாள். "இன்னும் நூத்திப்பத்தொம்போது மீட்டர் வெளிய இருக்கு சார். திரும்ப வாங்கணும்."

"வாங்கினா நாம ஒத்துக்கிட்ட மாதிரி. பத்தொம்போது குடும்பம் தெருவுக்கு வந்துடும், தெரியுதா?" அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பழைய பேட்டரி போட்டு டெஸ்ட் பண்ணாதது யாரு? நீதானே? அப்ப இது யார் தப்பு?"

அவள் சட்டென்று தலையைக் குனிந்து, "என் தப்புதான் சார். நான் பண்ணியிருக்கணும்" என்றாள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மதியமே சார் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். தன் சாலிடரிங் கம்பியையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியும்க்கா" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

சார் புதிதாக ஒரு தாள் அடித்தார், ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

துணி துவைத்தேன். தொட்டி கழுவினேன். எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் பேப்பர் பார்த்ததும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன். இன்று யாரும் சாகவில்லை.

ஏப்ரல் 12, சனி

தேசப்பன் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் பஸ். சார் அனுப்பியதாகச் சொல்ல நினைத்திருந்தேன், வாசலில் அது வாயில் வரவில்லை. "மீட்டர் பண்ற கம்பெனியில வேலை பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மனைவி பச்சையம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒரே அறை. தேசப்பனின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. கூடவே வேலை செய்யும் ஏழுமலை என்பவரும் இருந்தார். அன்றைக்கு மேலே நின்று கயிறு பிடித்தவர் அவர்.

"குடிச்சிருந்தார்னு சொல்றாங்களே" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பியிருப்பேன்.

பச்சையம்மாள் கோபப்படவில்லை. "அவருக்கு அந்தப் பழக்கமே கெடையாதும்மா. எல்லாரும் குடிச்சிட்டுத்தான் எறங்குவாங்க, நாத்தம் தாங்காம. இவரு மாட்டாரு. புத்தி தெளிவா இருக்கணும்பாரு."

ஏழுமலை சொன்னார். "முன்னெல்லாம் மூடியத் தொறந்து அரை மணி நேரம் காத்தாட வுட்டுட்டுத்தான் எறங்குவோம். மீட்டர் பொட்டி வந்ததுக்கப்புறம் மேஸ்திரி வுடல. 'பொட்டி ஜீரோ காட்டுதுல்ல, எறங்கு'ம்பாரு. அன்னிக்குக் கயிறு கட்டி பொட்டிய உள்ள வுட்டோம். கீச்னு ஒரு சத்தம். மேல இழுத்துப் பாத்தா ஜீரோ. மறுபடியும் வுட்டோம். மறுபடியும் கீச். இழுத்துப் பாத்தா ஜீரோ. 'தண்ணி பட்டிருக்கும், ஜீரோதாண்டா காட்டுது'ன்னு தேசப்பன் கழுத்துல மாட்டிக்கிட்டு எறங்கிட்டான்."

"ஆன் பண்ணவே இல்லன்னு..."

"நான்தாம்மா கையில புடிச்சிப் பாத்தேன். நல்லா பளிச்னு எரிஞ்சிச்சு. அந்தப் பழைய பொட்டில நம்பரே தெரியாது. இது நல்ல வெளிச்சம்."

பச்சையம்மாள் டீ கொடுத்தார். குடித்தேன். எனக்கு அதை வேண்டாம் என்று சொல்லும் தகுதி இல்லை.

கிளம்பும்போது ஏழுமலையிடம், "இப்ப எந்த மீட்டர் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"அதேதான். எங்க யூனிட்டுக்கு நாப்பது குடுத்திருக்காங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்த டைரியை ஜனவரியிலிருந்து படித்துப் பார்த்தேன். பதினேழாம் தேதிப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

லின்னுடைய மெயிலில் நான்கு வரிகள் இருந்தன. மூன்றாவது வரி, 'புது மாடலின் விளக்கு அறுபது மில்லி ஆம்பியர் எடுக்கும், உங்கள் பேட்டரிக்குச் சம்மதமா என்று உறுதிசெய்யவும்.' அவள் கேட்டிருந்தாள். தெளிவாகக் கேட்டிருந்தாள்.

ஆனால் அவசரத்தில் அந்த வரி என் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் மெயிலைத் திறந்து அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஸ்டோர் பெண் வந்து திருகாணி கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அழிக்காமல் பிரிண்ட் எடுத்தேன். லின்னின் மெயில், என் பதில், சுங்கக் கடிதம், மார்ச் புகார்.

வீட்டில் கணவரிடம், திங்கட்கிழமை விசாரணையில் இதையெல்லாம் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் கையில் சாதத்தோடு அப்படியே இருந்தார். "வேலை போயிடும். ஜெயில்கூட ஆகலாம் தமா" என்றார். பிறகு, "விசாரணைக்கு நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கோட்டாட்சியர் விசாரணை. தாள்களை மேசைமேல் வைத்தேன். குலசேகரன் சார் பின் வரிசையில் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டாட்சியர் நிதானமானவர். ஒவ்வொரு தாளாகப் படித்தார். மூன்றாவது வரியில் பேனாவை வைத்து, "இந்த வரியை அன்னைக்கே படிச்சீங்களாம்மா? இல்ல அவசரத்துல கவனிக்கலையா?" என்று கேட்டார். அவர் குரலிலேயே எனக்கு ஒரு வழி இருந்தது. கவனிக்கவில்லை என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார்.

"படிச்சேன் சார்" என்றேன். "ரெண்டு தடவை படிச்சேன். பதினைஞ்சுக்கு மேல கூடாதுன்னு பெனாசிர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அவகிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவான்னு தெரியும். அதனாலதான் கேக்கல."

பக்கத்தில் வாக்குமூலம் எழுதிய குமாஸ்தா ஒரு நொடி நிறுத்திவிட்டு எழுதினார். டைரியில்கூட நான் எழுதாததை அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் பச்சையம்மாள் நின்றிருந்தார். என் வழியை மறித்தார்.

"அந்த சாமான் லேட்டா வந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அவர் நகர்ந்து வழிவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெனாசிருக்குப் போன் செய்தேன். அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை விட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"அன்னிக்கு நிக்காஹ் வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? 'வாங்கிடுங்கக்கா, ஒரு ரெசிஸ்டர் மாத்தினா லைட்டு கம்மியாயிடும்'னு சொல்லியிருப்பேன். ஒரு மீட்டருக்கு ரெண்டு நிமிஷ வேலை. வேண்டாம்னு சொல்லியிருக்கவே மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மீட்டர்களைத் திரும்பப் பெற உத்தரவு. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சார் மேலும் என் மேலும் காண்ட்ராக்டர் மேலும் வழக்கு. என்னிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள்.

நூற்றிரண்டு வந்துவிட்டன. பதினேழு வரவில்லை. எங்கெங்கோ வேறு ஊர் வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். தேடுவது யார் வேலை என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஏழுமலை சில மேஸ்திரிகளின் போன் நம்பர் கொடுத்தார்.

மே 2, வெள்ளி

தேடியதில் பதினேழில் பதினான்கு கிடைத்துவிட்டன. மூன்று பாக்கி.

மே 5, திங்கள்

இதை வெளியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

ஒரு மேஸ்திரி போனில் சொன்ன ஊருக்குக் காலை ஆறு மணி பஸ்ஸில் வந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மேன்ஹோல் மூடி திறந்து கிடந்தது. நாலைந்து பேர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் எங்கள் மீட்டர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் வரதையன் என்றார். நான் சொல்வதையெல்லாம் கேட்டார். பிறகு மீட்டரைக் கையால் மூடிக்கொண்டார்.

"இதையும் எடுத்துட்டீங்கன்னா?"

"இது பொய் சொல்லுதுங்க. உள்ள விஷம் இருந்தாலும் ஜீரோன்னு காட்டும்."

"சரிம்மா. இது இல்லன்னா எறங்க வேணாம்னா சொல்வாங்க? சும்மா எறங்கச் சொல்வாங்க."

"நீங்க இறங்காதீங்க."

"நீ சொல்ற. மேஸ்திரி சொல்லணுமே."

அவர் பாவம் பார்த்துக் கழற்றிக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். வாங்கி, பேட்டரிகளை உருவி, பைக்குள் போட்டேன். வேலை முடிந்தது. பதினைந்தாவது.

அவர் வெற்றுக் கழுத்தைத் தடவிக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார். இன்னொருவர் அவர் இடுப்பில் கயிறு கட்ட ஆரம்பித்தார்.

திரும்பும் பஸ் ஏழே முக்காலுக்கு வந்தது. போய்விட்டது. எட்டு இருபது பஸ்ஸும் போய்விட்டது. நான் குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகிய முட்டை நாற்றம் தலையைச் சுற்றுகிறது. "எழுந்திரும்மா, வேலை கெடுது" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அவர்களும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். வரதையன் யாரிடமோ டீ வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மேஸ்திரி ஒன்பது மணிக்கு வருவாராம்.